தோட்டத்துல சோலார்... சாளையில பேட்டரி!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பியாச்சா? பொள்ளாச்சி, பல்லடம், கோபி பக்கம் தோட்டத்துச் சாளைக்குப் போற ஆளா இருந்தா, இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

2012-ல கோவைப் பக்கம் கரண்ட் கட் எப்படி இருந்ததுன்னு அம்மாகிட்ட கேளுங்க, ஒரு பெருமூச்சு வரும். அந்த நாட்கள்லதான் இங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் நுழைஞ்சது. இப்போ அதோட சோலாரையும் சேர்க்கலாம்னு அப்பிச்சி ஆசைப்படுறார். ஆனா சாளையைச் சுத்தி தென்னையும் வேம்பும். பேனல்ல ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துடும். வெயில் அடிக்கிற காலி இடம் 60 மீட்டர் தள்ளி, கிணத்து மேட்டுலதான் இருக்கு.

"ஒயரை நீளமா இழுத்தாப் போச்சு!"ன்னு யாராவது சொல்வாங்க. அங்கேதான் அப்பிச்சி காசு காத்துல போகும். கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

250 வாட் பேனல் 4. மொத்தம் 1,000 வாட். ஒவ்வொண்ணும் சுமார் 30 வோல்ட், 8.3 ஆம்பியர் தரும். சாளையில இருக்கறது 24 வோல்ட் பேட்டரி.

நாலையும் பேரலல்ல மாட்டினா 30 வோல்ட், 33 ஆம்பியர். 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், போக வர 120 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.37 ஓம். 33 ஆம்பியர் ஓடினா ஒயர்லயே 12 வோல்ட் காலி! மிச்சம் 18. பேட்டரி சார்ஜ் ஆக 27, 28 வோல்ட் வேணும். ஆக, முழு கரண்ட் ஓடவே வழியில்லை. பாதி பவர் வந்து சேர்ந்தாலே அதிர்ஷ்டம்!

இப்போ அதே நாலை சீரீஸ்ல மாட்டுங்க. 120 வோல்ட், 8.3 ஆம்பியர். ஒயர்ல போறது வெறும் 3 வோல்ட். நஷ்டம் 26 வாட், அதாவது 3 சதவீதம்கூட இல்லை. ஒயரும் அதே, பேனலும் அதே!

காரணம்? ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, ஐ ஸ்கொயர் ஆர், அதேதான். கரண்ட் நாலுல ஒரு பங்கானா நஷ்டம் பதினாறுல ஒரு பங்கு.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல ஓட ஆரம்பிச்சப்போ, மலையிலிருந்து கோவைக்கு கரண்ட் இறங்கினது 66,000 வோல்ட்ல. அந்த கரண்ட்டை நம்பித்தான் இங்கே மில்லுங்க பெருகுச்சு. 2020-21-ல செயல்பாட்டுக்கு வந்த சத்தீஸ்கர் ராய்கர் - புகளூர் லைன் இன்னும் சூப்பர். 1,765 கி.மீ. தூரம், 8 லட்சம் வோல்ட், அதுவும் டி.சி.! கிணத்து மேட்டுக்கும் அதே ஃபார்முலாதான் பாஸ்.

'120 வோல்ட்டை 24 வோல்ட் பேட்டரியில எப்படி ஏத்தறது?'ன்னு கேட்கறீங்களா? அதுக்குத்தான் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர். வோல்ட்டைக் குறைச்சு ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். விலை கம்மின்னு பி.டபிள்யூ.எம். வகையை வாங்கிடாதீங்க. அது பேனலை பேட்டரியோட வோல்ட்டுக்கே இழுத்துட்டு வந்துடும். சீரீஸ் போட்டதே வீண்.

கடைக்குப் போகும்போது மறக்கக் கூடாத சில விஷயங்கள்:

* லோடு இல்லாதப்போ ஒரு பேனல் 37 வோல்ட் வரை காட்டும். நாலுக்கு 148. மார்கழிக் காலைக் குளிர்ல இது இன்னும் ஏறி 150-ஐத் தாண்டும். அதனால '150 வோல்ட் கன்ட்ரோலர் போதும்'னு கடைக்காரர் சொன்னா தலையாட்டாதீங்க. 200-க்கு மேல தாங்கறதா கேளுங்க. இல்லைன்னா ஒரே காலையில புகை!

* கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் மூணும் சாளையில பக்கம் பக்கமா இருக்கணும். 24 வோல்ட்ல 1,000 வாட்னா 40 ஆம்பியருக்கு மேல. அங்கே ஒயர் குட்டையா, தடியா இருக்கட்டும். நீளமெல்லாம் பேனல் பக்கம்தான்.

* வீட்டு ஏ.சி. ஸ்விட்ச்சை நடுவுல மாட்டாதீங்க. ஏ.சி. கரண்ட் ஒரு செகண்டுல 100 தடவை ஜீரோவைத் தொடும், அதனால பொறி அணைஞ்சுடும். டி.சி. தொடாது, விடாம எரியும். டி.சி.க்குன்னே செஞ்ச பிரேக்கர் வாங்குங்க.

* ஒயரை பைப்புக்குள்ள விட்டு, கலப்பை எட்டாத ஆழத்துல புதைங்க. பேனல் ஃப்ரேமுக்கு எர்த், இடிக்கு சர்ஜ் அரெஸ்டர் ரெண்டும் கட்டாயம்.

* வெயில் இருக்கிற வரை பேனல்ல கரண்ட் இருக்கும், 'மெயின் ஆஃப்' கிடையாது. கணக்கை நீங்க போடுங்க. கனெக்‌ஷனை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க.

டிப்பார்ட்மென்ட் எதுவா இருந்தாலும் பரவாயில்லை, இது ப்ளஸ் டூ கணக்குதான். சாளைக்குப் போனதும் முதல்ல ஒரு டேப் எடுத்து தூரத்தை அளங்க. ஒரு பேப்பர்ல வோல்ட்டையும் ஆம்பியரையும் எழுதி அப்பிச்சிகிட்ட காட்டுங்க. "ஏங்கண்ணு, காலேஜ்ல இதெல்லாம்கூடச் சொல்லித் தர்றாங்களா?"ன்னு கேட்பார் பாருங்க... அரியர் இருந்தாக்கூட மறந்து போயிடும்!