எலும்பு முறியும் ஊரிலேயே பயிற்சி வேண்டும்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளில் தொடையெலும்பு முறிந்து வருபவருக்குப் பெரும்பாலும் இழுவைக் கட்டுதான் கிடைக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்கே கம்பி செலுத்தி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிடுவார்கள். ஆறு வாரமோ அதற்கு மேலுமோ மல்லாந்தே கிடக்க வேண்டும். விதைப்புக்காலம் கைநழுவிப் போகும். உடனிருந்து சோறு பொங்கிப் போடும் உறவினரின் கூலியும் போகும். அத்தனைக்குப் பிறகும் கால் கோணலாகவோ குட்டையாகவோ கூடலாம். எலும்பின் உள்ளே நீள ஆணி பொருத்தினால் சில நாள்களிலேயே ஊன்றுகோலுடன் எழுந்து நடக்கலாம். இழுவைக் கட்டுதான் மலிவு என்ற வாதமும் நிற்காது; படுக்கைச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஆணிக்குச் செலவு கூடுதல் இல்லை என்று மலாவியிலேயே நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

ஆணிக்கு வழியில்லாமலும் இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் லூயிஸ் ஸிர்க்கிள் 1999-இல் தொடங்கிய 'சைன்' அமைப்பு, அறுவை அரங்கில் எக்ஸ்ரே திரை இல்லாவிட்டாலும் பொருத்தக்கூடிய ஆணியை உருவாக்கி ஏழை நாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகத் தருகிறது. செய்த அறுவையின் படங்களை அனுப்பினால் கையிருப்பு மீண்டும் நிரப்பப்படும். பொருத்தத் தெரிந்த கைகள்தான் போதவில்லை.

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2015-இல் அறிவித்தது. அதன் பிறகு பணக்கார நாடுகளின் இளம் அறுவைப் பயிற்சியாளர்கள் பலர் ஆப்பிரிக்காவில் பணியாற்ற விரும்புகிறார்கள். அந்த ஆர்வம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் இரண்டு, மூன்று வாரப் பயணமாக அது சுருங்குவதை நாம் ஏற்கவில்லை. முறிந்த எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும். புண் சீழ் வைத்ததா, ஆணி நிலைத்ததா என்று தெரிவதற்குள் வந்தவர் விமானம் ஏறிவிடுகிறார். அவர் கத்தி பிடித்த நேரம், உள்ளூர்ப் பயிற்சியாளர் கத்தி பிடித்திருக்க வேண்டிய நேரம். இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

சரியான வழி ஏற்கெனவே இருக்கிறது. 1999-இல் உருவான கிழக்கு, மத்திய, தென்பகுதி ஆப்பிரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியான 'கோசெக்சா', மருத்துவர்களை அவரவர் நாட்டு மருத்துவமனைகளிலேயே பயிற்றுவித்துத் தேர்வு நடத்துகிறது. இப்பகுதியில் 1974 முதல் 2013 வரை அறுவைப் பயிற்சி முடித்தவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பயின்ற நாட்டிலேயே பணிபுரிவதாக ஓர் ஆய்வு கண்டது. மருத்துவர் ஊரைவிட்டு ஓடிவிடுவார் என்று சொல்லிப் பயிற்சிக்குப் பணம் தர மறுப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கட்டும். மலாவியோ 1985 முதலே மருத்துவப் பட்டம் பெறாத எலும்பு சிகிச்சை அலுவலர்களையும் தயாரித்துவருகிறது. மாவட்டங்களில் மாவுக்கட்டு போடுவதும் வளைபாதக் குழந்தைகளின் காலை வாரந்தோறும் நிமிர்த்துவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆகவே, பயிற்சியாளரை அனுப்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆறு மாதத்துக்குக் குறைந்த பயணத்துக்குப் பயிற்சி மதிப்பெண் தரக் கூடாது. ஒருவரை அனுப்பினால் அங்கிருந்து ஒருவரை அதே காலத்துக்கு, விசா செலவும் உதவித்தொகையும் தந்து அழைக்க வேண்டும். விருந்தாளி எத்தனை அறுவை செய்தார் என்பதைவிட, அவர் துணைநிற்க உள்ளூர்ப் பயிற்சியாளர் எத்தனை செய்தார் என்பதையே பதிவேட்டில் எண்ண வேண்டும்.

இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் முறிவில் காலைக் காப்பாற்ற முடியுமா என மதிப்பிடும் முறை ஒன்று கோவை கங்கா மருத்துவமனையில் பிறந்தது. பணக்கார நாடுகளிலிருந்து மட்டும் அறிவு வருவதில்லை. 1964 முதல் வளரும் நாட்டவர்க்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் 'ஐடெக்' திட்டத்தில் ஆப்பிரிக்க எலும்பு அறுவைப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும். அவர்களை அரங்கின் ஓரத்தில் பார்வையாளராக நிறுத்தாமல், மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் அறுவை செய்ய விடும் தற்காலிகப் பதிவையும் தேசிய மருத்துவ ஆணையம் தாமதமின்றி வழங்க வேண்டும்.