மூணு வருஷத்துப் பூ... போடலாமா பாஸ்?

ஆர்ஹீனியஸ் சமன்பாடு ஞாபகம் இருக்கா? எக்ஸாமுக்காகக் கடம் அடிச்சோமே, அதேதான்! அமெரிக்காவுல அதை வெச்சு பீர் காய்ச்சறாங்க மக்கா!

அங்கே 1979-லேர்ந்து மத்திய சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்கலாம். அதுக்குக் கசப்பும் வாசனையும் தர்றது ஹாப்ஸ்ங்கிற கொடியோட பூ. அறுவடை வருஷத்துக்கு ஒரே தடவைதான். அதனால, மொத்தமா வாங்கி ஃப்ரீசர்ல திணிச்சுடறாங்க. மூணு வருஷம் கழிச்சு அடியிலேர்ந்து ஒரு பாக்கெட் எட்டிப் பார்க்கும். போடலாமா, குப்பையா? முடிவு தப்பானா 19 லிட்டர் பீரும், வாரக்கணக்கான காத்திருப்பும் காலி!

மேட்டர் இதுதான். பூவுக்குள்ள மஞ்சள் பொடி இருக்கும். அதுல இருக்கற ஆல்ஃபா அமிலம்தான் கொதிக்கும்போது கசப்பா மாறுது. அதுக்கு ரெண்டு வில்லன்கள்... சூடு, ஆக்ஸிஜன். வெப்பநிலை 15 டிகிரி குறைஞ்சா, கெடற வேகம் ஏறக்குறைய பாதியாகும்ங்கறது காய்ச்சறவங்க வெச்சிருக்கற தோராயக் கணக்கு. கேஸ்கேட்னு ஒரு பிரபல ரகம். 20 டிகிரியில திறந்து கிடந்தா ஆறே மாசத்துல ஆல்ஃபா பாதியாயிடும். மைனஸ் 18-ல அதே பாதி போக, இந்தக் கணக்குப்படி கிட்டத்தட்ட மூணு வருஷம்! காத்துப் புகாத பாக்கெட்னா இன்னும் தாங்கும்.

அப்போ பாக்கெட்ல ஆல்ஃபா 6 சதவிகிதம்னு இருந்தா, இன்னிக்கு அது 3. முன்னே 28 கிராம் போட்ட இடத்துல 56 கிராம். கசப்பு ஓகே!

ஆனா, வாசனைக்கு இந்த டபுள் ஃபார்முலா செல்லாது. வாசனை எண்ணெய்கள் ஒருபக்கம் பறந்துடும், ஒருபக்கம் ஆக்ஸிஜன் பட்டு வேற வாடையாயிடும். அதனால பழைய பூவை ஒரு மணி நேரக் கொதியோட ஆரம்பத்துல போடணும். கடைசியில போட புதுசுதான் சரி.

எல்லாத்துக்கும் முன்னாடி மூக்கு டெஸ்ட்! பழுப்பு நிறமா மாறி, பழைய சீஸ் மாதிரியோ, ஹாஸ்டல் சாக்ஸ் மாதிரியோ வாடை அடிச்சா நோ சான்ஸ், தூக்கிப் போட்டுடணும். பெல்ஜியத்துல லாம்பிக் பீர் காய்ச்சறவங்க மட்டும் விதிவிலக்கு. அவங்க பூவை வேணும்னே வருஷக்கணக்கா பழசாக்குவாங்க. அவங்களுக்குக் கசப்பு வேணாம், கெட்ட பாக்டீரியாவைத் தடுக்கற குணம் போதும்!

பாக்கெட்ல இருக்கறது அறுவடை சமயத்து மார்க்தான் பாஸ். இன்னிய மார்க்கை நாமதான் கணக்குப் போடணும். நெக்ஸ்ட் வீக் மீட் பண்ணலாம்!