முதல் பெண்ணுக்குப் பிறகு...

கே. பாக்யராஜ் இயக்கத்தில் 1985-இல் வெளிவந்த 'சின்ன வீடு' திரைப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர். விஜயலட்சுமி. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று திரையுலகம் அவரைப் பெருமையுடன் குறிப்பிடுகிறது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் தமிழ்த் திரைப்படங்களில் ஒளிப்பதிவாளராகத் தொடர்ந்து பணியாற்றும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தாமாக உள்ளே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஏன் பொய்த்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, கேமராவின் எடை. ஒளிப்பதிவாளரின் வேலை சுமை தூக்குவதன்று; ஒளியைக் கணிப்பதும், காட்சியைச் சட்டகத்துக்குள் அமைப்பதும், உதவியாளர்களையும் லைட்மேன்களையும் வழிநடத்துவதும்தான். கட்டுமானப் பணியிடங்களில் செங்கல்லும் சிமென்ட்டும் சுமக்கும் பெண்களின் உடல்வலிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது விடை, தயாரிப்பாளரின் அச்சம். பிலிம் காலத்தில் இதற்கு ஓரளவு நியாயம் கற்பிக்க முடிந்தது. எடுத்த காட்சி சரியாக வந்திருக்கிறதா என்பது நெகட்டிவ் லேபுக்குச் சென்று திரும்பிய பிறகே உறுதியாகும். தவறினால் பெரும்பணம் வீண். ஆனால், டிஜிட்டல் வந்தபின் காட்சி படப்பிடிப்புத் தளத்திலுள்ள மானிட்டரிலேயே தெரிந்துவிடுகிறது. அபாயம் குறைந்தால் புதியவர்களுக்கு வாய்ப்பு பெருக வேண்டும் என்பது பொருளாதாரத்தின் எளிய விதி. அந்த அளவுக்குப் பெண்களுக்கு வாய்ப்பு பெருகவில்லை எனில், தடை தொழில்நுட்பத்தில் இல்லை என்றே பொருள்.

உழைப்புச் சந்தையைப் பற்றிப் பல்லாண்டுகள் கற்பித்த எனக்கு, தடை இரண்டு இடங்களில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று, நுழைவாயில். ஒளிப்பதிவு இன்னும் பெருமளவு குரு - சீடர் முறையில் கைமாறும் தொழில். விஜயலட்சுமி, இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள், ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர். 'அபியும் நானும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ப்ரீதா, பி.சி. ஸ்ரீராமின் உறவினர், அவரிடமே தொழில் பயின்றவர். 'குட்டி ஸ்ராங்க்' என்ற மலையாளப் படத்துக்காக 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்ற அஞ்சுலி சுக்லா, சந்தோஷ் சிவனிடம் பணியாற்றியவர். இவர்களின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், திறமையுடன் ஒரு குடும்பப் பின்புலமோ, பெருந்தன்மையுள்ள ஓர் ஆசானோ தேவைப்பட்டது. ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் வாய்ப்பு, உரிமையாகாது. திண்டுக்கல்லிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ கேமராக் கனவுடன் சென்னைக்கு வரும் பெண், யாருடைய கதவைத் தட்டுவாள்?

மற்றொன்று, நேரம். 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஊதிய ஏற்றத்தாழ்வு இன்றும் தொடர்வதற்கு ஒரு முக்கியக் காரணத்தைச் சுட்டுகிறார். நேரங்காலம் பாராமல் எப்போது அழைத்தாலும் வரக்கூடியவர்களுக்கே சில தொழில்கள் மிகுதியாக வாரி வழங்குகின்றன. குழந்தை பிறந்தபின் அந்த ஓட்டத்தில் பின்தங்குவது பெரும்பாலும் பெண்தான். இரவுப் படப்பிடிப்பு, மாதக்கணக்கில் வெளியூர், கடைசி நேரத்தில் மாறும் கால்ஷீட் என்றிருக்கும் திரைத்துறைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. 26 வார மகப்பேறு விடுப்புச் சட்டம் நம்மிடம் உண்டு. ஆனால், படத்துக்குப் படம் ஒப்பந்தம் பேசி வேலை செய்யும் ஒருவருக்கு அது நடைமுறையில் எட்டாக்கனியே. ஈராண்டு விலகியிருந்தால் துறையே அவரை மறந்துவிடும்.

இது தமிழகத்துக்கு மட்டுமே உரிய நிலையன்று. ஆஸ்கர் விருதுகள் 1929-இல் தொடங்கின. ஒளிப்பதிவுப் பிரிவில் ஒரு பெண், 'மட்பவுண்ட்' படத்துக்காக ரேச்சல் மாரிசன், முதன்முதலில் பரிந்துரைக்கப்பட்டது 2018-இல்தான். சந்தையைத் தன்போக்கில் விட்டால் எவ்வளவு காலம் காத்திருக்க நேரிடும் என்பதற்கு இதுவே சான்று.

செய்யக்கூடியவை உள்ளன. 2017-இல் உருவான இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் கூட்டமைப்பு, 'பெண்கள் யாரும் கிடைக்கவில்லை' என்ற சாக்குக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் படங்களுக்கு நிதியளிக்கிறது. தமிழக அரசும், தான் திரைப்படங்களுக்கு அளிக்கும் மானியத்தில் ஒரு பகுதியைப் பெண் தொழில்நுட்பக் கலைஞர்கள் தலைமையேற்கும் படங்களுக்கு ஒதுக்கலாம். தரமணியிலுள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு முடிக்கும் மாணவியருக்கு உதவித்தொகையுடன் ஓராண்டு களப்பயிற்சியை உறுதிசெய்யலாம். கழிப்பறையும் உடைமாற்றும் அறையும்கூடப் படப்பிடிப்புத் தளங்களில் கிடைப்பதில்லை என்பதை 2024-இல் வெளியான ஹேமா குழு அறிக்கை கேரளத்தில் அம்பலப்படுத்தியது. அவற்றையும் வேலை நேர வரம்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு படத்தின் விளம்பரச் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

சலுகை தந்தால் தரம் குறையும் என்று சிலர் கூறக்கூடும். பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு மீதிப் பேருக்குள் தேர்ந்தெடுப்பதை எந்தப் பொருளாதாரப் பாடநூலும் தரத்தேர்வு என்று அழைப்பதில்லை. முதல் பெண் என்ற பட்டத்தை ஒருவருக்கு வழங்குவது எளிது. நூறாவது பெண் வரும்போது அது செய்தியாகவே இராது. அந்த நாளைத்தான் நாம் இலக்காகக் கொள்ள வேண்டும்.