ஒரே முதலாளி, இரண்டு சங்கம்

2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. விமானிகள் மட்டும் இணையவில்லை. பெரும்பாலும் வெளிநாடு பறந்தவர்களுக்கு ஒரு சங்கம், உள்நாட்டில் பறந்தவர்களுக்கு இன்னொன்று. 2011இல் உள்நாட்டு விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் மற்றவர்கள் செய்தார்கள். முக்கியக் காரணம், புதிய ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி உள்நாட்டு விமானிகளுக்கும் தரப்படுகிறது என்பது! நிர்வாகத்தை எதிர்க்க வேண்டிய ஆயுதம் சக தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியது.

லட்சங்களில் சம்பளம் வாங்குகிறவர்களின் சண்டை வடசென்னைக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தச் சண்டையை நாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டோம், தோழர்களே.

1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களால் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. அவர்களுக்குக் 'கருங்காலி' என்ற பட்டம் மிஞ்சியது. சேரிக்காரர் அந்தச் சங்கத்தைத் தன் சங்கமாக நம்ப என்ன காரணம் இருந்தது என்ற கேள்வியை இன்றும் பலர் கேட்பதில்லை.

அம்பேத்கர் கேட்டார். பம்பாய் மில்களில் அறுந்த நூலை வாயில் வைத்து இழுக்க வேண்டியிருந்ததால் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்க்கவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்த அநீதியும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று இடதுசாரிச் சங்கத் தலைவர்களிடம் அவர் வாதாடினார். சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளர்களையும் பிரிக்கிறது என்று பின்னாளில் அவர் எழுதியதற்கு இந்த அனுபவமும் அடித்தளம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குத் தரப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் அதிகம். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. 1921 போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. அவர் பெயரைத் தாங்கிய மண்டலத்தின் தொழிலாளர்களுக்கே இது நடந்தது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளின் வலுவான சங்கங்கள் அன்று ஒரு நாளாவது அவர்களுக்காக வேலையை நிறுத்தியிருக்க வேண்டாமா?

ஒப்பந்தத் தொழிலாளியைப் பேச்சுவார்த்தைக்கு வெளியே நிறுத்தச் சட்டமே வழி செய்கிறது. 2020ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேச முடியும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இருப்பது கான்ட்ராக்டரின் பதிவேட்டில். அங்கே குப்பை அள்ளுபவர், சாம்பல் வாருபவர், மூட்டை தூக்குபவர் யார், எந்தச் சாதி என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சங்கம் தன் விதிகளைத் தானே மாற்றலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு உறுப்பினர் அட்டை, வாக்கு, நிர்வாகக் குழுவில் இடம் கொடுங்கள். அவர்களின் பணி நிரந்தரம் முதல் கோரிக்கையாக வரட்டும். அதுவரை 'தொழிலாளர் ஒற்றுமை' என்ற முழக்கத்தை அவர்கள் சந்தேகத்தோடு கேட்டால், அந்தச் சந்தேகம் நியாயமானது.