இளைஞனும் பணமும்

“இக்கால இளைஞன் பேராசைக்காரன்; உழைக்காமல் பணம் சேர்க்கப் பார்க்கிறான்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். இதை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேளம்பாக்கத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். சிறுசேரியில் கணினி நிறுவனங்கள் வருமுன் இன்ன நிலம் இன்ன விலைக்குப் போயிற்று, அன்று விற்றவர் இன்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார் என்பதே அது. இக்கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இனி இங்கே ஒரு சென்ட் வாங்கவும் எங்கள் வீடுகளில் வகையில்லை. ‘இன்னொரு முறை கோட்டைவிடக் கூடாது’ என்ற பதைப்பு அப்போதே மனத்தில் ஊன்றிவிடுகிறது. பேராசை வேறு, இது வேறு.

பதைத்த மனம் விளம்பரத்தைவிடத் தெரிந்தவர் சொல்லையே நம்புகிறது. 2022-இல் வழக்குக்குள்ளான ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம், மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி தருவதாகக் கூறி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் தெரிவித்தனர். மாதம் 30 விழுக்காடு என்றால், வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ஓராண்டில் 23 லட்சத்தைத் தாண்ட வேண்டும்! பள்ளிக்கூடக் கூட்டுவட்டிக் கணக்குதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் மாத வட்டியைக் கையில் கொண்டுவந்து காட்டும்போது, காகிதமும் பென்சிலும் யாருக்கு நினைவு வரும்?

இப்போது கைப்பேசிக்குள்ளேயே பங்குச்சந்தை வந்துவிட்டது. நல்ல பங்கை வாங்கி வைத்திருப்பதை நான் குறை கூறவில்லை. ‘ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்’ வணிகத்தைத்தான் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவ்வணிகத்தில் 30 வயதுக்கு உட்பட்டோர் 2022-23-இல் 31 விழுக்காடு; மறு ஆண்டே 43 விழுக்காடு.

நூற்றுக்கு 93 பேர் தோற்கிறார்கள். நம் வகுப்பறைகளிலோ வென்றவர்களை மட்டுமே நான் சந்திக்கிறேன்! ஒரு நண்பன் ஒரே நாளில் நாலாயிரம் பார்த்ததை வீட்டில் சொன்னேன். மாதச் சீட்டைத் தவிர வேறொன்றும் அறியாத என் தாயார் கேட்டார்: “ஜெயிச்சதைச் சொல்றான், சரி. தோத்ததைச் சொல்லுவானா?”

மறுநாள் அவனிடம் முழுக் கணக்கையும் காட்டச் சொன்னேன். சிரித்தான். “பஸ் வந்துடுச்சுடா” என்று ஓடிவிட்டான்.