‘டோர்சிஃப்ளெக்ஷன்’ என்றால் காலை மடக்குவதல்ல

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நம் பெரியவர்களின் கையில் கொடுக்கப்படும் பயிற்சித் தாளில் ‘டோர்சிஃப்ளெக்ஷன்’ என்ற சொல் அடிக்கடி வரும். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, “அம்மா, காலை மடக்கட்டாம்” என்கிறார்கள். அம்மாவும் முழங்காலை மடக்குகிறார். பயிற்சி நடந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறோம். செய்யவேண்டிய அசைவோ நடக்கவே இல்லை.

பாதத்தின் மேற்புறத்தை உடற்கூற்றியலில் ‘டோர்சம்’ என்பர். அந்த மேற்புறம் முன்காலை நோக்கி உயர்வதே டோர்சிஃப்ளெக்ஷன். மடங்குவது கணுக்கால், முழங்கால் அல்ல. காரின் பெடலை மிதிப்பதுபோலப் பாதம் கீழே போவது ‘பிளான்டர்ஃப்ளெக்ஷன்’. இந்தப் பெயர்களே குழப்பமானவை. பாதத்தை மேலே தூக்கும் தசைகளில் இரண்டின் பெயரில் ‘நீட்டுவது’ என்று பொருள்படும் ‘எக்ஸ்டென்சர்’ இருக்கிறது. அசைவின் பெயரிலோ ‘மடக்குதல்’ இருக்கிறது. எனவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பிழைதான் வரும்.

இந்த அசைவு எங்கே தேவைப்படுகிறது? பர்மாவில் வேர் உள்ள நம் குடும்பங்கள் அறிந்த டாலாவை எடுத்துக்கொள்வோம். யாங்கோன் நகருக்கு எதிரே, ஆற்றின் தென்கரையில் உள்ளது. ஐராவதி புளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை முன்பு அங்கே இருந்தது. அந்த ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. நீர் வற்றும் நேரத்தில் இறங்குதுறையின் நடைபாலம் சரிந்து நிற்கும். அதில் ஏறவும், தேநீர்க் கடையின் குட்டி முக்காலியில் அமரவும், குந்தியிருக்கவும் கணுக்கால் நன்றாக மடங்கவேண்டும். இங்கே நமக்கு உயர்ந்த நாற்காலியும் லிஃப்டும் உண்டு. அதனால் இந்த அசைவு குறைவது தெரிவதில்லை. பெருவிரல் கம்பளத்தில் தடக்கி விழும்போதுதான் தெரிகிறது.

பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கும் நிலையைப் ‘பாதத் தொய்வு’ எனலாம். பக்கவாதம், நீரிழிவு, முதுகெலும்புத் தட்டு விலகல், தொழுநோய் ஆகியவற்றால் இது வரலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்பைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. நெடுநேரம் குந்தியிருப்பதும் கால்மேல் கால் போட்டிருப்பதும்கூட அதை நசுக்கலாம். திடீரென ஒரு பாதம் தூக்க வரவில்லை என்றால் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.

நம் கருத்து இதுதான். பயிற்சித் தாளைத் தமிழாக்கும்போது சொல்லை அல்ல, அசைவை எழுதுவோம்: “குதிகாலைத் தரையில் வைத்தபடி, விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள்.” பயிற்சியாளரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அம்மாவையோ அப்பாவையோ அவர் முன்னிலையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஒரு விழுதலையும் ஓர் இடுப்பெலும்பு முறிவையும் அது தடுக்கலாம்.