எல்லை திறந்துதான் இருக்கிறது, சனம்தான் போகவில்லை

ரொறன்ரோவிலிருந்து பஃபலோ இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம். பீஸ் பிரிட்ஜ் திறந்திருக்கிறது. கனடியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குச் சுற்றுலா விசாவும் தேவையில்லை. போகவேண்டாம் என்று ஒட்டாவா தடை போடவும் இல்லை. அப்படியிருந்தும் 2025-இல் அந்தப் பக்கம் ஓடிய கார்களின் தொகை சடுதியாகச் சரிந்தது.

கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கா போய்விட்டுக் காரில் திரும்பிய கனடியர்களின் தொகை, 2025 மார்ச்சில் முந்திய வருட மார்ச்சைவிட 31.9 சதவீதம் குறைவு. ஏப்ரலில் 35.2 சதவீதம். மே மாதத்தில் 38.1 சதவீதம். மூன்று பேரில் ஒருவர் போகாமல் நின்றுவிட்டார் என்று அர்த்தம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ட்ரம்ப் இரண்டாம் தடவை பதவிக்கு வருவதற்கு முன்னமே கனடாவை 51-ஆவது மாநிலம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கனடாவின் பிரதமரை ஆளுநர் என்று அழைத்தார். 2025 பெப்ரவரி 1-இல் கனடியப் பொருட்களுக்கு 25 சதவீத இறக்குமதி வரி என்று கையெழுத்திட்டார். இரண்டு நாளில் அது தள்ளிவைக்கப்பட்டாலும் மார்ச் 4-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றே ஒன்ராறியோ அரசின் மதுபானக் கடைகளில் அமெரிக்க மதுவகைகள் தட்டுகளிலிருந்து இறக்கப்பட்டன. விடுமுறையைக் கனடாவுக்குள்ளேயே கழியுங்கள் என்று ட்ரூடோவும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் அரசியல் கதை, டொலர் விழுந்ததுதான் உண்மையான காரணம்" என்று சிலர் சொல்கிறார்கள். கனடிய டொலர் பலவீனமாக இருந்தது உண்மை. ஆனால் 2024-லும் அது பலவீனமாகத்தான் இருந்தது. அப்போது சனம் வாராவாரம் போய்ப் பாலும் சீஸும் வாங்கி, பெற்றோலும் நிரப்பிக்கொண்டு வந்தது. ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவதற்கு நாணய மாற்று விகிதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மாறியது அந்த நாட்டின் பேச்சும், வாசலில் நிற்பவர்களின் முகமும்.

இதைப் பற்றிக் கனடிய ஊடகங்கள் எழுதும்போது நாட்டுப்பற்று என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றன. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் கதை அவ்வளவு நேரானதில்லை. எங்கள் ஆட்கள் போகாமல் விடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கோபம், மற்றது பயம். கோபத்தைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம். பயத்தைப் பற்றி வீட்டுக்குள் மட்டும்தான் கதைக்கிறோம்.

எங்களுக்கு அமெரிக்கா வெறும் சுற்றுலாத் தலமில்லை. ஒரு சகோதரம் ரொறன்ரோவில் என்றால் இன்னொன்று நியூ ஜேர்சியில். ரொச்செஸ்டருக்குப் பக்கத்தில் ரஷ் என்ற சிற்றூரில் இருக்கும் ராஜராஜேஸ்வரி பீடத்துக்கும், பிற்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் இங்கிருந்து வருடாவருடம் போகும் குடும்பங்கள் எத்தனை! கலியாணவீடு, அரங்கேற்றம், செத்தவீடு என்று போகவேண்டிய காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். ஃபுளோரிடாக் கடற்கரையை விட்டுவிட்டுக் கியூபாவுக்கோ மெக்சிகோவுக்கோ போகலாம். தங்கச்சியின் மகளின் கலியாணத்தை எந்த நாட்டுக்கு மாற்றுவது?

அப்படியான அழைப்புகளுக்கும் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கும் பதில், "என்னத்துக்கு வில்லங்கம், அடுத்த வருசம் பாப்பம்" என்பதுதான்.

இந்தப் பயம் வெறும் கற்பனையில் வந்ததில்லை. தரைவழியாகப் போய் 30 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் கனடியர்கள் பதிவு செய்யவேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. யூன் மாதத்தில் 12 நாட்டவருக்கு முழுத் தடையும் 7 நாட்டவருக்குப் பகுதித் தடையும் வந்தன. மார்ச்சில் வேலை அனுமதிக்காக எல்லைக்குப் போன கனடியப் பெண் ஒருவர் 12 நாட்கள் தடுப்பில் வைக்கப்பட்ட செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஜேர்மனியும் பிரித்தானியாவும் தங்கள் பயண அறிவுறுத்தல்களைத் திருத்தின. எல்லையில் கைத்தொலைபேசியைச் சோதிக்கலாம், கடவுச்சொல்லைக் கேட்பதற்கு அவர்கள் காரணம் சொல்லவேண்டியதில்லை என்று கனடா அரசே தன் மக்களுக்கு எழுதிவைத்தது. 2025 டிசம்பர் 26-இலிருந்து, அமெரிக்கப் பிரசையல்லாத எவரையும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் படம் எடுக்கலாம் என்ற விதியும் வந்துவிட்டது. கனடியர்களுக்கும் அதில் விலக்கில்லை.

கைத்தொலைபேசி என்றதும் எங்கள் சனத்துக்கு மனதில் வருவது வேறு. மாவீரர் நாளில் எடுத்த படம், மே 18 நினைவேந்தல் காணொளி, யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பாட்டு. விடுதலைப் புலிகள் அமைப்பு அமெரிக்காவின் தடைப்பட்டியலில் 1997-இலும் கனடாவின் பட்டியலில் 2006-இலும் சேர்க்கப்பட்டது. செத்துப்போன அண்ணனுக்கு விளக்கேற்றியதற்கும் ஒரு அமைப்புக்கு ஆதரவு கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, எங்கள் வரலாறு தெரியாத ஒரு இளம் அதிகாரிக்கு அதை ஐந்து நிமிடத்தில் எப்படி விளங்கப்படுத்துவது? இந்தக் கேள்விதான் பலரைக் காரை வீட்டிலேயே நிறுத்தவைக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் ஆபத்து சிறியது. அமெரிக்க எல்லைப் பாதுகாப்புப் பிரிவின் கணக்குப்படி 2024 நிதியாண்டில் வந்துபோன சுமார் 42 கோடிப் பயணிகளில், தொலைபேசியோ கணினியோ சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 47,000 பேர்தான். போய்விட்டு ஒரு பிரச்சினையுமில்லாமல் வந்தவர்கள்தான் மிக அதிகம். ஆனால் பயணம் போகிறவர் சதவீதம் பார்த்து முடிவெடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் தன்னைத் தனியறைக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது என்றுதான் யோசிப்பார். விடுமுறைக்குப் போகிற இடத்தில் அந்த யோசனை ஒரு தரம் வந்துவிட்டால் போதும், பயணம் முடிந்தது.

நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்களின் நிலை இன்னும் இறுக்கம். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்கள் அமெரிக்க விசா எடுத்தாகவேண்டும். அந்த விசாவுக்கு மேலதிகமாக 250 டொலர் கட்டணம் என்று 2025 யூலையில் சட்டமே இயற்றினார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் நான்கு பேர் பிரசைகள், அம்மம்மா மட்டும் பி.ஆர். என்றால், அம்மம்மாவை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள். புள்ளிவிபரத்தில் அந்த ஐந்து பேரும் கனடாப் பற்றாளர்களாகப் பதிவாகிறார்கள்.

சரி, இதனால் நட்டம் யாருக்கு? 2024-இல் அமெரிக்காவுக்கு அதிக பயணிகளை அனுப்பிய நாடு கனடா. 2 கோடியே 4 இலட்சம் வருகைகள், 20.5 பில்லியன் டொலர் செலவு. இதில் பத்து சதவீதம் குறைந்தாலே 14,000 வேலைகள் போகலாம் என்று அமெரிக்கப் பயணச் சங்கம் 2025 பெப்ரவரியிலேயே எச்சரித்தது. குறைந்ததோ அதைவிட அதிகம். உலகப் பயண, சுற்றுலாக் கவுன்சில் மே மாதம் ஆராய்ந்த 184 பொருளாதாரங்களில், அந்த ஆண்டு வெளிநாட்டுப் பயணிகளின் செலவு குறையும் என்று கணிக்கப்பட்ட ஒரே நாடு அமெரிக்கா. இழப்பு 12.5 பில்லியன் டொலர்.

அந்த இழப்பு வெள்ளை மாளிகையின் வாசலுக்குப் போகாது. பஃபலோவில் ஹொட்டல் அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கும், நயாகராக் கரையில் உணவகம் நடத்துபவருக்கும்தான் போகிறது. பஃபலோ நகரம் கனடியர்களை நேசிக்கிறது என்று விளம்பரம் செய்தது. பாம் ஸ்பிரிங்ஸில் அதே மாதிரிப் பதாகை கட்டினார்கள். கலிபோர்னியா ஆளுநர் கனடியர்களை வாருங்கள் என்று அழைத்து விளம்பரமே வெளியிட்டார். கூப்பிட்டவர்களில் குற்றம் இல்லை. ஆனால் கடைக்காரர் சிரித்து வரவேற்றாலும், கடைக்குப் போகும் வழியில் நிற்கிற அதிகாரியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையில்லை. எங்களில் பலர் கனடா வந்து சேரக் காரணமான ஆண்டையே எடுத்துப் பாருங்கள். 1982-இல் இலங்கைக்கு 407,000 சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 1983 கறுப்பு யூலையோடு அந்த ஆண்டுத் தொகை 337,500 ஆகக் குறைந்தது. 1987-இல் 182,600. பழைய எண்ணிக்கையைத் திரும்பத் தொட 1994 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தது. கொழும்பில் தமிழர் கடைகளை எரித்தவர்கள் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் பெந்தோட்டையிலும் வேலை செய்தவர்களின் சோற்றையும் சேர்த்துத்தான் எரித்தார்கள். 2018-இல் 23 இலட்சத்தைத் தாண்டிய தொகை, பொருளாதார நெருக்கடியும் வீதிப் போராட்டமும் நடந்த 2022-இல் 720,000 ஆக மட்டுமே இருந்தது. பயணிகள் ஊர்வலம் போவதில்லை, மனு எழுதுவதில்லை. பேசாமல் வேறு நாட்டுக்கு ரிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஏன் வரவில்லை என்று ஆட்சியாளர்களுக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இந்தியாவோடும் பட்டோம். 2023 செப்ரெம்பரில் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் இந்திய அரசின்மீது குற்றஞ்சாட்டிய மூன்றாம் நாள், கனடியர்களுக்கு விசா வழங்குவதை இந்தியா நிறுத்தியது. மின்விசா திரும்ப வர நவம்பர் 22 ஆகிவிட்டது. சென்னையில் கூறைச்சேலை எடுக்க இருந்தவர்களும், சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்த்தி வைத்தவர்களும் அந்தத் தகராற்றில் எந்தப் பக்கமும் இல்லை. ஆனாலும் அவர்களின் பயணம்தான் நின்றது.

இனி நாங்கள் எங்கள் வாசலையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் முகம் கடுமையாகிவிட்டது என்று சொல்லும் கனடா, 2024 பெப்ரவரி 29-இல் மெக்சிக்கர்களுக்கு விசாக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. பேரப்பிள்ளையின் பிறப்புக்கு வர விண்ணப்பித்த யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் சென்னைத் தகப்பனுக்கும், திரும்பிப் போவீர்கள் என்று நம்பிக்கை இல்லை என ஒரு வரியில் பதில் வருவது எங்கள் வீடுகளில் சாதாரண விடயம். வீட்டு வாடகை ஏறினாலும் குடிவந்தவர்தான் காரணம், வைத்தியசாலையில் வரிசை நீண்டாலும் அவர்தான் காரணம் என்ற பேச்சு இங்கேயும் வளர்கிறது. தெற்கிலும் இப்படியான பேச்சிலிருந்துதான் தொடங்கியது.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் 2026 யூன் 11-இல் தொடங்குகிறது. ரொறன்ரோவில் 6 ஆட்டங்கள், யூன் 12-இல் கனடாவின் முதல் ஆட்டமும் இங்கேதான். இறுதியாட்டம் நியூ ஜேர்சியில். ஈரானும் ஹெய்ட்டியும் விளையாடத் தகுதி பெற்றிருக்கின்றன, ஆனால் அந்நாட்டு ரசிகர்கள் அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருக்கிறார்கள். தெற்கே போகத் தயங்குகிறவர்களை இங்கே வரவழைக்கக் கனடாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அதற்குப் பதாகையும் விளம்பரமும் போதாது. விசாக் கந்தோரில் மனிதரை மனிதராக நடத்தவேண்டும்.

2025 மே மாதம் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஸ்காபரோவின் கரி ஆனந்தசங்கரி. எல்லைச் சேவைகள் முகவரகம் அந்த அமைச்சின் கீழ்தான் வருகிறது. விசா முடிவுகள் குடிவரவு அமைச்சின் பொறுப்பு என்றாலும், அமைச்சரவை மேசையில் எங்கள் ஊரைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெற்றோரின் வருகை விசா நிராகரிப்புகளுக்கு முழுமையான காரணம் எழுதப்படவேண்டும் என்று அவரிடமும் மற்ற நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்பது எங்கள் வேலை.

அதுவரை இரண்டு விடயங்கள். அமெரிக்கா போகிறவரைத் துரோகி என்று முகநூலில் எழுதாதீர்கள். தமக்கையின் செத்தவீட்டுக்குப் போகிறவருக்கு யாரும் நாட்டுப்பற்றுப் படிப்பிக்கத் தேவையில்லை. போகிறவர்கள் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்கச் சோதனை கனடிய மண்ணில் நடக்கிறது. அங்கே கேள்விகள் பிடிக்காவிட்டால், நீங்கள் யார், ஏன் திரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பலாம். பாலத்தைத் தாண்டி அமெரிக்க மண்ணில் நிற்கும்போது கனடாச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வழியைத் தெரிவு செய்யும்போதே இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ரிக்கெட்டும், தங்கும் இடத்தின் விலாசமும் கையில் இருக்கட்டும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.